செவந்திக் காம்பும் பன்னிரண்டு நாளும்

ஒரு பூக்காம்பால் மூன்று வருடம் ஒரு கண்ணாடி அறையை விட்டு நகர முடியாமல் கிடந்தேன் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவளுக்குக் கம்ப்யூட்டர் என்பது மடியில் வைத்துக்கொள்கிற சாமான். எங்களுக்கு அது சாமி. அதற்குத் தனி அறை, தனி ஏசி. உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். நடுவில் உட்கார்ந்து பூசை செய்ய என்னைப் போல ஒரு பெண்.

தொண்ணூற்றொன்றில் பொம்மசந்திராவில் ஒரு ஃபவுண்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பம்புகளுக்கு இரும்புப் பாகங்கள் வார்க்கிற இடம். வீடு தங்கவயலில், அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தபோது கொடுத்த லைன் வீடு. விடிவதற்கு முன் ரயில், கன்டோன்மென்டில் இறங்கி இரண்டு பஸ். ஃபவுண்டரியில் எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லோரும் ஒரே பெட்டியில்தான் வருவோம். ரயிலில் என்னைத் தங்கச்சி என்பார்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் அதே வாய் மேடம் என்று கூப்பிடும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மேடம் என்ற சொல் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

என் வேலை சுலபம். கான்ட்ராக்ட் ஆட்களின் பஞ்ச் கார்டுகளைப் பார்த்து, யார் எந்தத் தேதியில் வந்தார், யார் வரவில்லை என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் மேஸ்திரி கையால். அந்தக் கணக்கு மேஸ்திரிக்கே வெளிச்சம். ஆனால் வருகை மட்டும் எங்களிடம் இருந்தது. இரண்டு வருடம் தொடர்ச்சி விடாமல் வந்தவர்களை நிரந்தரம் செய்வதாக நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. அந்தத் தொடர்ச்சிக்கு வேறு எங்கும் சாட்சி கிடையாது.

மேனேஜருக்கு ஒரு வழக்கம். பெட்டிக்குள் இருப்பதை அவர் நம்ப மாட்டார். கையில் பிடிக்க முடிந்ததைத்தான் நம்புவார். ஆகையால் மாதம் முடிந்ததும் அந்த மாதத்து வருகையை ஒரு ஃப்ளாப்பியில் எழுதிவிட்டு, பெட்டிக்குள் இருப்பதை அழித்துவிட வேண்டும். அப்பளம் அகலத்துக்குக் கறுப்பு உறைக்குள் இருக்கும் அந்த ஃப்ளாப்பிக்கு லேபிள் ஒட்டி அவரிடம் கொடுத்தால், இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவார். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பழைய பஞ்ச் கார்டுகளை மூட்டை கட்டி எடைக்குப் போட்டுவிடுவார். இனிமேல் இங்கே காகிதமே வேண்டாம் என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வார். நானும் கூட நின்று தலையாட்டியிருக்கிறேன்.

மறு வருடம் ஆயுத பூஜை வந்தது. கீழே ஷெட்டில் ஒவ்வொரு மெஷினுக்கும் வாழைக்கன்று, சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். என் மெஷினை மட்டும் வெறுமனே விட முடியுமா? திரைக்கு மேல் மாலை போட்டேன். கீபோர்டுக்குப் பொட்டு வைத்தேன். ஃப்ளாப்பி போடுகிற டிரைவின் வாய் மட்டும் மூளியாகத் தெரிந்தது. ஒரு பெரிய மஞ்சள் செவந்தியை எடுத்து, காம்பை அந்த வாய்க்குள் செருகி, பூ விழாமல் இருக்க டிரைவின் கைப்பிடியைத் திருகி மூடினேன். பூ கச்சிதமாக நின்றது. மேனேஜர்கூட வந்து பார்த்துவிட்டு, நல்ல கைவேலை என்றார். பூஜை முடிந்து எல்லோருக்கும் பொரியும் ஸ்வீட் பாக்கெட்டும் கொடுத்தார்கள். மூன்று நாள் விடுமுறை.

திரும்பி வந்தபோது காம்பு உள்ளே நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், பூ மட்டும் கையோடு வந்தது. புருவம் திருத்துகிற சாமணத்தை விட்டுத் துழாவினேன். வரவில்லை. டூல் ரூமிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வாங்கி வந்து மூடியைக் கழற்றினேன். ஃப்ளாப்பியைப் படிக்கிற தலை ஒரு சின்னக் கையின் நுனியில் இருந்தது. அதன் மேல் காம்பின் சாறு காய்ந்து கிடந்தது. வழியில் இருந்த ஒரு திருகாணியைத் தளர்த்தி, கையை நகர்த்தி, தலையைத் துடைத்து, மறுபடி முடுக்கினேன். எங்கே இருந்ததோ அங்கேயே வைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அந்த இடம் தலைமுடி அளவுகூடப் பிசகக் கூடாது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

புது ஃப்ளாப்பி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். எழுதியது, படித்தது. அப்பாடா என்று பழைய மாதம் ஒன்றைப் போட்டேன். டிரைவ் கர் கர் என்று இருமியது. திரையில், படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, மறுபடி முயலவா என்று இங்கிலீஷில் கேள்வி வந்தது. எதை அமுக்கினாலும் திரும்ப அதே கேள்வி. இன்னொரு மாதம் போட்டேன். அதே இருமல். பதின்மூன்று மாதத்துப் பதின்மூன்று ஃப்ளாப்பிகளையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடப் பேசவில்லை. என் பூ எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்றே நம்பினேன்.

அப்போதே மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். மேடம் என்ற பேர் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிது.

கடைசி ஆறு மாதத்துக் கார்டுகள் இன்னும் மூட்டையில் இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றை மறுபடி ஏற்றினேன். முதல் ஏழு மாதத்துக் கார்டுகள் எடைக்குப் போய்விட்டன. அவற்றை என்ன செய்வது? நானே எழுதினேன். ஆமாம், கற்பனையாக. எல்லோருக்கும் முழு வருகை போட்டிருந்தால் யாருக்கும் கேடில்லை. ஆனால் அப்படி ஒரு ஃபவுண்டரி உலகத்தில் இருக்குமா, பார்த்ததும் பிடித்துவிடுவார்களே என்று என் மூளை வேலை செய்தது. அதனால் பொங்கலுக்கு மறுநாள் சிலருக்கு, குலசாமி வெளியூரில் இருக்கிற ஆள் என்றால் மாசியில் ஒரு நாள், மழை நாளில் இரண்டு பேருக்கு என்று அங்கங்கே லீவைத் தூவினேன். ஒன்றிரண்டு நாள் விடுபட்டால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு ஜாக்கிரதையாக இருந்தேன்.

ஒருவரிடம் மட்டும் தவறினேன். எங்கள் ரயில் பெட்டியில் ஜன்னலோரம் உட்காருகிற ஒரு மோல்டர், மண் அச்சு கட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். அந்த ஏழு மாதத்தில் ஒரு சமயம் அவர் மொட்டைத் தலையோடு வந்தது எனக்கு நினைவிருந்தது. மீசையும் இல்லை. அம்மா அப்பா யாரோ தவறிவிட்டார்கள் போலிருக்கிறது, கருமாதி முடிகிற வரைக்கும் வந்திருக்க மாட்டார் என்று தீர்மானித்து, ஒரு சேரப் பன்னிரண்டு நாள் லீவு போட்டேன். உண்மையில் நடந்ததைத்தான் போடுகிறேன் என்று அந்த ஒரு இடத்தில் எனக்குத் திருப்திகூட இருந்தது. கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்று வருமே.

புது ஃப்ளாப்பிகளில் பழைய லேபிள்களை ஒட்டி பீரோவுக்கு அனுப்பினேன். பழைய பதின்மூன்றும் என் டிபன் பையில் ஊருக்குப் போய், டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் படுத்துக்கொண்டன. தூக்கி எறிய ஏனோ மனம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து மேனேஜர் ஒரு ஃப்ளாப்பியைக் கொடுத்து, ஆஸ்டின் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நல்ல பிரின்ட் எடுத்து வரச் சொன்னார். அங்கே அது படிக்கவில்லை. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் அந்தக் கடையை நடத்திக்கொண்டிருந்தார். தன்னிடம் இருந்த இரண்டு மெஷினிலும் போட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் டிரைவைப் பற்றிக் கேட்டார். பூவை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன்.

“உங்க டிரைவோட தலை கோணிப்போச்சும்மா. அது கோணலா எழுதறது அதுக்கு மட்டுந்தான் புரியும். சரி பண்ணிட்டீங்கன்னா, இதுவரைக்கும் எழுதினது அதுக்கும் புரியாது.”

அந்த வார்த்தையோடு என் மேல் கதவு சாத்தப்பட்டது. டிரைவைச் சரி செய்யக் கூடாது. கெட்டுப்போகவும் விடக் கூடாது. வேறு யாரும் தொடக் கூடாது. அன்றைக்குச் சென்டரில் கரண்ட் இல்லை என்று மேனேஜரிடம் பொய் சொன்னேன். சர்வீஸ் ஆள் வருகிற நாளில் எனக்குக் காய்ச்சல் அடித்தாலும் ரயில் ஏறினேன். அவர் டிரைவைத் திறக்கப் போனால், அது நன்றாக இருக்கிறது, கீபோர்டைப் பாருங்கள் என்று பேச்சை மாற்றினேன். அக்கா கல்யாணத்துக்கு முகூர்த்தத்தன்று மட்டும் லீவு எடுத்தேன். தாலி கட்டுகிற நேரத்தில், யாராவது மெஷினைத் திறந்துவிட்டார்களோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது. ஏசி பஸ் அனுப்புவார்கள். போனால் என் இடத்துக்கு வருகிறவள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவாள். வேண்டாம் என்று எழுதிப் போட்டேன். உனக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தினமும் காலையில் கைப்பிடியைத் திருகி, அந்தச் சத்தம் சரியாக வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். வந்தால் அன்றைய பொழுது பிழைத்தது.

நிரந்தரம் செய்வதற்கான பட்டியல் கேட்டார்கள். பீரோவிலிருந்து ஃப்ளாப்பிகள் வந்தன, என் கோணல் டிரைவ் அவற்றைப் படித்தது, பட்டியல் வெளியே வந்தது. தகுதி பெற்றவர்கள் ஒரு தாள். பெறாதவர்கள் இன்னொரு தாள், எதிரே விடுபட்ட நாட்களோடு. இரண்டையும் கேட்டருகே போர்டில் ஒட்டினார்கள். மோல்டர் பெயருக்கு எதிரே பன்னிரண்டு என்று இருந்தது.

அன்று மத்தியானம் அவர் கண்ணாடிக் கதவருகே வந்து நின்றார். கையெல்லாம் கரி மண். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினார்.

“மேடம், நா லீவே போட்லியே.”

கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். எந்த மாசம் என்று கேட்டார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். அந்த மாசம் என்ன நடந்தது என்று தேடுகிறார் என்று தெரிந்தது. நானாகச் சொல்லிவிடலாமா என்று நினைத்தபடியே அடுத்த கார்டை எடுத்தேன்.

“மெஷின்ல கீதுன்னா சரியாத்தான் இருக்கும். நாந்தான் மறந்துட்டேன் போல” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் சண்டை போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். மெஷினை நம்பினார். மெஷின் என்று அவர் சொன்னது என்னை. அடுத்த வருடம் மேஸ்திரி மாறினார், புது மேஸ்திரி தன் ஆட்களைக் கொண்டுவந்தார். நிரந்தரமானவர்கள் தங்கினார்கள். மோல்டர் வெளியே போய், ஹெப்பகோடியில் ஒரு பட்டறையில் மூட்டை தூக்குவதாகக் கேள்விப்பட்டேன். ரயிலில் வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு புது கம்ப்யூட்டர் வந்தது. கொண்டுவந்த இஞ்ஜினியர், பழைய ஃப்ளாப்பிகளை மாற்றி ஏற்றுவதற்காகப் பெரிய டிரைவ் ஒன்றையும் அதில் பொருத்தியிருந்தார். எங்கள் ஃப்ளாப்பியைப் போட்டார், படிக்கவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. மேனேஜர் முகம் கறுத்தது. மொத்தமும் போச்சு போலிருக்கிறதே என்று இஞ்ஜினியர் சொன்னபோது என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பழைய டிரைவையே கழற்றி இதில் மாட்டிப் பாருங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நாலு திருகாணியைக் கழற்றினார், ஒரு வயரை மாற்றினார். கோணல் டிரைவ் புதுப் பெட்டிக்குள் உட்கார்ந்து எல்லா மாதங்களையும் வரிசையாகப் படித்துக் கொடுத்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று வருடம் நான் காவல் காத்தது நாலு திருகாணி வேலை.

அந்த இஞ்ஜினியர் தான் கொண்டுவந்த டிரைவை மறுபடி மாட்டிவிட்டு, சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டே போகிற போக்கில் சொன்னார், டிரைவ் கோணுவதற்கு முன்னால் எழுதிய ஃப்ளாப்பி ஏதாவது இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது, இந்த நேரான டிரைவ் படித்துவிடும் என்று. மேனேஜர் காதில் அது விழவில்லை. என் காதில் விழுந்தது.

மறுநாள் டிபன் பையில் பதின்மூன்றையும் கொண்டுவந்தேன். சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு முதல் ஃப்ளாப்பியைப் போட்டேன். இருமல் இல்லை. கடகடவென்று வரிசையாகத் தேதிகள் வந்தன. நான் கொன்றுவிட்டதாக நினைத்த அத்தனை மாதமும் உயிரோடு இருந்தன. மொட்டை மாதத்தைத் தேடிப் போட்டேன். மோல்டர் பெயர். திங்கள் வந்திருக்கிறார், செவ்வாய் வந்திருக்கிறார், சனிக்கிழமையும் வந்திருக்கிறார். ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட விடவில்லை. என் கையிலேயே ஏற்றியது, என்னுடைய முதல் வருடத்து வேலை.

அந்தத் தாளை பிரின்ட் எடுத்து மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், பூ முதல். அவர் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. பட்டியலில் கையெழுத்தாகிவிட்டது, ஒன்றைத் திறந்தால் எல்லாவற்றையும் திறக்க வேண்டும், ஆனது ஆகிப் போயிற்று, விட்டுவிடம்மா என்று கன்னடத்தில் மெல்லச் சொன்னார். பதின்மூன்று ஃப்ளாப்பிகளையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். பிரின்ட் எடுத்த தாளைக் கேட்க மறந்துவிட்டார்.

அந்தத் தாள் என் டிபன் பையில் ஒரு மாதம் கிடந்தது. தினமும் ரயிலில் அவர் இருக்கிற பெட்டியைத் தாண்டி என் பெட்டிக்குப் போனேன். இன்றைக்குக் கூட்டம், நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு அவர் தூங்குகிறார், திங்களன்று சொல்லலாம். கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பங்காருப்பேட்டையில் வண்டி நின்றுகொண்டிருந்தபோது இறங்கிப் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். அண்ணா, நீங்கள் லீவு போடவே இல்லை, நான்தான் போட்டேன் என்று தாளை நீட்டினேன். அவர் மொட்டையைப் பற்றிக் கேட்டேன். திருப்பதி வேண்டுதல், ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டாராம்.

தாளை அவர் வாங்கவில்லை. அதை என் பக்கமே தள்ளினார். பிறகு சொன்னார்.

“இத எங்கிட்ட சொல்லாத தங்கச்சி. வூட்டாண்ட வந்து அவகிட்ட சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். எங்கள் லைனுக்கு மூன்று லைன் தள்ளி. அவர் மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். போர்டில் ஒட்டிய தாளைப் பற்றி அன்றைக்கே ரயில்காரர்கள் லைன் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார்கள் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. தினமும் விடியற்காலையில் எழுந்து டிபன் கட்டிக் கொடுத்தவர் அந்த அம்மாள். கம்ப்யூட்டர் கணக்குப்படி பன்னிரண்டு நாள் புருஷன் வேலைக்குப் போகவில்லை. அப்படியானால் வீட்டிலிருந்து ரயில் ஏறி எங்கே போனான்? பன்னெண்டு டப்பா சோத்த எவ வூட்ல குந்தித் தின்னே என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். மறந்துவிட்டேன் என்றிருக்கிறார் புருஷன். அதுதான் வினையாகப் போயிற்று. அதிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மோல்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவரைப் போல நின்றார். அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, தாளை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. இதில் பன்னிரண்டு நாள் எது என்று கேட்டார். ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். அவரும் என் விரலுக்குப் பின்னாலேயே தன் விரலை வைத்துக்கொண்டு வந்தார். முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இது ஒனக்கு எப்போ தெரியும்?”

ஒரு மாதமாகத் தெரியும் என்றேன்.

“தெனம் அதே ரயில்லதான வர? அந்த ஒரு மாசத்துக்கு எங்க லீவு போட்ட?”

அவர் எழுந்து உள்ளே போனார். சிறிது நேரத்தில் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, புருஷனைப் பார்க்காமலேயே சாப்பிடச் சொன்னார். அவர் அங்கேயே உட்கார்ந்தார். தலை நிமிரவில்லை. முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோக அவரால் முடியவில்லை. நான் கிளம்பினேன்.